கோவாவுல கூரையில்லாத கிளப்புல விடிய விடிய ஆடலாமா? காரைக்குடியில இருந்து கிளம்புற தம்பிகளுக்கு

தம்பி கேட்டது இதுதான்: காரைக்குடியில இருந்து ஆறு பேரு, எல்லாம் ஆம்பளப் பயலுக, பொங்கல் முடிஞ்சு கோவா போறோம், கடலோரத்துல கூரையே இல்லாம வானத்தடியில விடிய விடிய ஆடுற கிளப் எது, எவ்வளவு ஆகும், ஏமாத்துவாய்ங்களா, அப்புறம் நம்ம தொண்டிப் பக்கமும் கடல் இருக்கே அங்க ஏன் இப்படி ஒண்ணு இல்ல, ஆரம்பிச்சா ஓடுமா. நாலு கேள்வி. நான் சொல்றதுக்கு என்ன யோக்யதைன்னா எங்க வீட்டுல தலைமுறையா மைக்செட் தொழில், நானும் படிப்ப முடிச்சுட்டு சில சீசன் கோவா பக்கம் சவுண்டு ஆளா கெடந்தேன், இப்ப ஊர்லயே கல்யாணம் கோயில் விசேஷம்னு ஓடிக்கிட்டு இருக்கு. அதனால ஆட வர்றவன் பார்வையவிட பெட்டிய இறக்கி வயர் இழுக்குறவன் பார்வைதான் இதுல ஜாஸ்தி இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல நேரா சொல்லிடுறேன். கூரை இல்லாம, சத்தமா, விடிய விடிய, இந்த மூணும் ஒண்ணா கெடைக்காது. எதாச்சும் ரெண்டுதான். யூட்யூப்ல பாத்துட்டு மூணையும் எதிர்பார்த்துப் போற பயலுகதான் நடு ராத்திரி பாகா ரோட்டுல நின்னுக்கிட்டு கோவா சும்மா பில்டப்புடான்னு பேசிக்கிட்டு இருப்பாய்ங்க.

காரணம் பத்து மணி. 2000ல மத்திய அரசு போட்ட ஒலி மாசு விதி, அதுல ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் வெளியில ஒலிபெருக்கி போடக் கூடாது, நாலு பக்கமும் மூடுன ஹாலுக்குள்ள அந்த ஹாலுக்கு மட்டும் கேக்குற மாதிரி போட்டுக்கலாம். 2005ல சுப்ரீம் கோர்ட்டும் இத அழுத்திச் சொல்லிருச்சு. மாநில அரசு விருப்பப்பட்டா வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாம, திருவிழா மாதிரி விசேஷத்துக்கு மட்டும் பன்னெண்டு வரைக்கும் தளர்த்திக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இது கோவாவுக்குன்னு தனியா வந்த சட்டம் இல்ல, நம்ம ஊருக்கும் இதே தான். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு மதுரை ஹைகோர்ட்டுக்குப் போயி பர்மிஷன் வாங்கிட்டு வர்றாங்கல்ல, அதுல பத்து மணிக்குள்ள முடிக்கணும்னு கண்டிஷன் போடுறது இதவச்சுத்தான். கோவாவுல டிஜே, இங்க வள்ளி திருமணம், ரெண்டு பேருக்கும் எமன் ஒரே ஆளுதான்.

இதுல சவுண்டுக்காரனா ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா பல பேரு இத போலீஸ்காரங்க வேணும்னே பண்ற கெடுபிடின்னு நெனைக்கிறாங்க. திறந்த வெளியில சத்தம் தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் (சத்தத்த அளக்குற அளவு) குறையும், அதான் கணக்கு. ஆடுற இடத்துல ஸ்பீக்கர்ல இருந்து 10 மீட்டர்ல 100 டெசிபல் வச்சா (கிளப்புன்னா அது சாதாரணம்) 20 மீட்டர்ல 94, 40ல 88, இப்படியே போனா 640 மீட்டர் தள்ளியும் 64 நிக்கும். குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி அனுமதி எவ்வளவு தெரியுமா, 45. பகல்லயே 55தான். மரம் மட்டை காத்து எல்லாம் கொஞ்சம் குடிக்கும், ஆனா அது குடிக்கிறது கீச்சுச் சத்தத்த மட்டும்தான், பேஸ், அதான் அந்தக் கனத்த அடிச் சத்தம், அப்படியே போயி முக்கா கிலோமீட்டர் தள்ளித் தூங்குற கெழவி நெஞ்சுல தும் தும்னு இடிக்கும். இதுல ராத்திரி வேற சேந்துக்கும். பகல்ல தரை சூடு, மேல போகப் போக காத்து குளுந்து இருக்கும், சத்தம் மேல பாத்து வளைஞ்சு போயிரும். பொழுது சாஞ்சதும் தரை வெரசா குளுந்துரும், மேல இருக்குற காத்து வெதுவெதுப்பா நிக்கும், அப்ப சத்தம் கீழ வளைஞ்சு ரொம்ப தூரம் போகும். மாசித் திருவிழாவுல எங்கயோ மூணு ஊரு தள்ளி குழா கட்டிப் பாட்டுப் போட்டா படுத்திருக்கையில பக்கத்துத் தெருவுல போடுற மாதிரி கேக்குமே, அதே கதைதான். கடலோரத்துல செவுரும் கிடையாது, கட்டடமும் கிடையாது, தடுக்க ஒண்ணுமே இல்ல.

அதுக்குத் தொழில்ல வைத்தியம் இருக்கு. சப்ஊஃபர்ல, அதான் பேஸ் அடிக்கிற பெட்டில, ஒண்ணத் திருப்பி வச்சு அதோட சத்தம் துளி நேரம் பிந்தி வர்ற மாதிரி டிலே கொடுத்தா பின் பக்கம் போற பேஸ ஒண்ண ஒண்ணு தின்னுரும், முன்னாடி மட்டும் அடிக்கும். மெயின் பெட்டிய உயரத்துல தொங்கவிட்டு ஆளுக மேல மட்டும் விழுற மாதிரி சாய்க்கலாம். லிமிட்டர் போட்டு சீல் வச்சிரலாம், டிஜே எவ்வளவு ஏத்தினாலும் அதுக்கு மேல போகாது. நல்ல கிளப்காரங்க இத எல்லாம் செய்வாங்க. செய்யாதவங்கதான் நிறைய, ஒன்பதே முக்காலுக்கு லெவல ஏத்துறாய்ங்க. உப்புக் காத்துல கனெக்டர் பூரா பச்சை பிடிச்சு கரகரன்னு ஒரு சத்தம் வரும், அத மறைக்கவே சில எடத்துல சத்தத்த ஏத்தி வச்சிருப்பாங்க, அது தனிக் கொடுமை.

வெளிநாட்டுலயும் இதே பஞ்சாயத்துதான். ஸ்பெயின் பக்கம் இபிசா தீவுல அம்னீசியா, கூ மாதிரி பெரிய கிளப்பெல்லாம் எண்பதுகள்ல வானத்தப் பாத்து ஆடுற எடம், சத்தம் தாங்கலன்னு புகார் கெளம்பி 1990 வாக்குல கூரை போட வச்சுட்டாங்க. இன்னைக்கும் அங்க திறந்த வெளியில நடக்குற உசுவாயா பகல்ல ஆரம்பிச்சு நடுச்சாமத்துக்குள்ள முடிச்சிரும், அதுக்கப்புறம் ஆடணும்னா மூடுன கிளப்புக்குத்தான் போகணும். உலகத்துல எந்தக் கடலோர ஊரா இருந்தாலும் சொகுசுக்கு வர்றவன் ராத்திரி முழிச்சிருப்பான், அந்த ஊர்க்காரன் விடிஞ்சா வேலைக்குப் போகணும்.

சரி, கோவாவுக்கு வருவோம். இந்தக் கணக்கு தெரிஞ்சிருச்சுன்னா உங்க ராத்திரிய எப்படிப் போடணும்னு தன்னால தெரியும். திறந்த வெளியில ஆடணும்னா சாயங்காலமே போயிரணும். நம்மாளுக ரூம்ல பத்து வரைக்கும் கெடந்துட்டு குளிச்சு சென்ட் போட்டு பதினொண்ணுக்குக் கெளம்புவாய்ங்க, அப்ப திறந்தவெளி ஆட்டம் முடிஞ்சு சேரக் கவுத்திருப்பான். வடக்கு கோவா வாகேட்டர்ல ஹில்டாப்னு ஒரு எடம், ட்ரான்ஸ்னு ஒரு ரக எலக்ட்ரானிக் ஆட்டப் பாட்டு உண்டு, அந்தக் காலத்துப் பழைய எடம், தென்னந்தோப்புக்குள்ள மரத்துக்கெல்லாம் பளபளன்னு பெயின்ட் அடிச்சு புறஊதா லைட்டுல மின்னும், அங்க பார்ட்டி வெயில் இறங்கையிலயே ஆரம்பிச்சு பத்துக்கு நிறுத்துவாங்க. நான் பாத்ததுல வானத்தடியில ஆடுறதுன்னா இன்னைக்கும் அதுதான். ஜனவரியில அங்க ஆறே கால் வாக்குல சூரியன் கடல்ல இறங்கும், நமக்கு தொண்டியில கடலுக்குள்ள இருந்து மேல வர்றதுதான பழக்கம், மேற்குக் கடல்ல அது இறங்குறத ஒரு தடவையாச்சும் வாகேட்டர் மேட்டுல உக்காந்து பாத்துட்டு அப்படியே உள்ள போங்க. என்ன நாள்ல என்ன பார்ட்டின்னு அவங்க இன்ஸ்டாகிராம் பக்கத்துல போட்டுருவாங்க, எல்லா நாளும் இருக்காது, பாத்துட்டுப் போங்க.

அந்த ட்ரான்ஸ் கதைய ரெண்டு வரில சொல்லிடுறேன், இல்லாட்டி ஏன் அஞ்சுனா வாகேட்டர்னே எல்லாரும் சொல்றாங்கன்னு புரியாது. அறுபதுகள் கடைசில ஹிப்பிங்க வந்து அஞ்சுனாவுல தங்குனாங்க, பௌர்ணமிக்கு மணல்லயே பெட்டிய வச்சு விடியக்காலம் வரைக்கும் ஆட்டம், அமெரிக்காவுல இருந்து வந்த கோவா கில் மாதிரி ஆளுக டேப்புலயே பாட்டு ஓட்டுனாங்க, தொண்ணூறுகள்ல அது கோவா ட்ரான்ஸ்னு உலகம் பூரா போச்சு. கில் 2023ல தவறிட்டாரு. நீங்க யூட்யூப்ல பாத்து மயங்குன படம் பாதி அந்தக் காலத்து வாசனதான். பாகா பக்கம் வேற கத, அங்க 1971ல ஆரம்பிச்ச டிட்டோஸ்ங்குற கிளப் பேர்லயே ஒரு சந்து உண்டு, ரெண்டு பக்கமும் கிளப், நடுவுல தேர்த்திருவிழாக் கூட்டம். மூடுன ஹாலு, ஏசி, பாலிவுட் பாட்டு, நம்ம கல்யாண டிஜே போடுற அதே லிஸ்ட்டுதான் முக்காவாசி. பத்து மணிக்கு மேல சத்தமா ஆடணும்னா இந்த மாதிரி உள்ளுக்குள்ள போறதுதான் வழி, லைசென்ஸ் இருக்குறவங்க பின்ராத்திரி வரைக்கும் ஓட்டுவாங்க.

பத்துக்கு மேல வெளியிலயும் சத்தமா ஓட்டுற எடம் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு, இருக்கும். சட்டம் ஒண்ணு, நடப்பு ஒண்ணு. ஆனா அஞ்சுனா வாகேட்டர் மக்கள் கோர்ட்டுக்குப் போயி ஹைகோர்ட் கோவா பெஞ்ச் போலீஸ விட்டு சத்தத்த அளக்கச் சொன்னதுல இருந்து எந்த ராத்திரி எந்த எடத்துல பாதிப் பாட்டுல கரன்ட்ட புடுங்குவாங்கன்னு சொல்ல முடியாது. காசு கட்டி உள்ள போன அரை மணி நேரத்துல நிறுத்திட்டா அவன் திருப்பித் தர மாட்டான்.

இன்னொரு வழி இருக்கு, எனக்குப் பிடிச்சது. தெக்கு கோவாவுல பாலோலெம், அங்க கடலோரப் பாறை மேட்டுல நெப்டியூன் பாயிண்ட்னு ஒரு எடம், சைலண்ட் நாய்ஸ்னு ஹெட்போன் பார்ட்டி நடத்துறாங்க. உள்ள போகையில ஆளுக்கு ஒரு வயர்லெஸ் ஹெட்போன் கொடுப்பான், ரெண்டு மூணு டிஜே ஒரே நேரத்துல ஓட்டுவாங்க, சேனல மாத்துனா ஹெட்போன்ல எரியுற லைட்டு கலரும் மாறும், யாரு யாரு பாட்டுக்கு ஆடுறான்னு கலரப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். ஒலிபெருக்கியே இல்லங்குறதால பத்து மணி விதி அதத் தொடாது. ஹெட்போனக் கழட்டிட்டுப் பாத்தா முன்னூறு பேரு ஒரு சத்தமும் இல்லாம குதிச்சுக்கிட்டு இருப்பான், அலை சத்தமும் செருப்பு தேயுற சத்தமும் மட்டும்தான் கேக்கும், முதல் தடவ பாக்கையில சிரிப்ப அடக்க முடியாது. கூரை இல்ல, ராத்திரி ரொம்ப நேரம், வெளிய சத்தமும் இல்ல. நான் சொன்ன கணக்குக்கு சரியா வருது பாருங்க. வாரத்துல ஒரு ராத்திரி, சீசன்ல சனிக்கிழமைதான் வழக்கம், நாள விசாரிச்சுக்கங்க.

வடக்க மோர்ஜிம் பக்கம் போற மாதிரி இருந்தா ஒண்ணு, அங்க கடல் ஆமை முட்டை வைக்க வரும், அதனால சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் கட்டுப்பாடு, அங்க ஆட்டத்த எதிர்பார்க்காதீங்க.

காசு விஷயம். ஆறு ஆம்பளைங்கன்னு சொன்னீங்கல்ல, அங்கதான் அடி. கிளப் வாசல்ல ஜோடியா வந்தா இலவசம் இல்லாட்டி கம்மி, தனி ஆம்பளைங்கள ஸ்டாக்னு சொல்லி கவர் சார்ஜ் வாங்குவான், சீசன்ல ஆளுக்கு ரெண்டாயிரம் மூணாயிரம் கேக்குறது சகஜம், சில எடத்துல ஆம்பளக் கூட்டத்த உள்ளயே விடமாட்டான். அந்தக் காசுல எவ்வளவு உள்ள சரக்கு சாப்பாட்டுல கழியும்னு கட்டுறதுக்கு முந்தியே கேளுங்க, முழுசா கழியுற எடமும் இருக்கு, ஒத்தப் பைசா கழியாத எடமும் இருக்கு. ரோட்டுல பைக்ல வந்து அண்ணா ஸ்டாக் என்ட்ரி நான் பண்ணித் தர்றேன்னு சொல்றவன்கிட்ட காசக் கொடுக்காதீங்க, கிளப் கவுண்டர்லயோ அவங்க ஆன்லைன் டிக்கெட்லயோ மட்டும் கட்டுங்க. இந்த ரோதனையே வேண்டாம்னா பீச் ஷாக், அதான் கடற்கரையில போடுற கொட்டாய்க் கடை, எதுலயாச்சும் மணல்ல மேசையப் போட்டு உக்காந்துருங்க, என்ட்ரி கிடையாது, மெதுவா பாட்டு ஓடும், தின்னுற குடிக்கிற காசுதான். சர்வீஸ் சார்ஜ்னு பில்லுல போட்டா அது கட்டாயம் இல்ல, எடுக்கச் சொல்லலாம், 2025ல டெல்லி ஹைகோர்ட்டும் அதத்தான் சொல்லிருக்கு.

ஏமாத்துவாய்ங்களான்னா, ஒரே ஒரு ரகம்தான் நிஜமா பயப்பட வேண்டியது. பாகா கலங்குட் பக்கம் ரோட்டுல வந்து ஒட்டிக்கிட்டு ஃபாரின் பொண்ணுங்க ஆடுற எடம், மசாஜ், ஸ்பெஷல் பார்னு கூட்டிட்டுப் போவான், டேட்டிங் ஆப்ல பழகி இந்த பாருக்கு வான்னு ஒரு பொண்ணு கூப்பிடுறதும் இதே கூட்டம்தான், உள்ள போனதும் நாலு தடியன் நின்னுக்கிட்டு அம்பதாயிரம் பில்லு வைப்பான், ஜிபே பண்ற வரைக்கும் விடமாட்டான். யாரோ கூட்டிட்டுப் போற எடத்துக்குப் போகாம நீங்களா தேடிப்போற எடத்துக்குப் போனா தொண்ணூறு சதம் தப்பிச்சிரலாம். பவுடர் மாத்திரைன்னு காதுல வந்து ஓதுறவன திரும்பியே பாக்காதீங்க, மாட்டுனா போதைப்பொருள் சட்டத்துல ஜாமீன் எடுக்கவே ஊர்ல நெலத்த விக்கணும்.

உங்க ஆறு பேருல 21 வயசு ஆகாதவன் இருந்தா கோவாவுலயும் குடிக்க அனுமதி கிடையாது, ஆதார் கேப்பான். பீச்சுல உக்காந்து பாட்டில் ஒடைச்சா அபராதம், 2019ல அத ஆளுக்கு 2,000, கூட்டமா மாட்டுனா 10,000னு வச்சிருந்தாங்க. கடல்ல லைஃப் கார்ட் பொழுது சாய்ற வரைக்கும்தான் நிப்பாங்க, குடிச்சுட்டு ராத்திரி எறங்காதீங்க, அது தொண்டிக் கடல் மாதிரி குளத்தண்ணி இல்ல.

கிளப்புக்குள்ள போனதும் இன்னொரு வேல செய்யுங்க, வெளிய போற வழி எத்தனை இருக்குன்னு பாருங்க. 2025 டிசம்பர் 6 ராத்திரி ஆர்போராவுல ஒரு நைட்கிளப்புல தீப்பிடிச்சு 25 பேரு செத்துப்போனாங்க, அதுல பெரும்பாலானவங்க ஆட வந்தவங்க இல்ல, அங்க கிச்சன்லயும் மத்த வேலையிலயும் இருந்த பசங்க. அதுக்கப்புறம் பாதுகாப்பு சரியில்லன்னு சில எடத்துக்கு சீல் வச்சாங்க. ஓலைக் கூரை, மூங்கில், தொங்குற துணி, அதுக்கு நடுவுல பூத்திரி கொளுத்துறது, இது எல்லாம் ஒண்ணா இருந்து வாசல் ஒத்தையா குறுகலா இருந்தா திரும்பி வந்துருங்க, காசு போனா போகுது. வயர் இழுக்குறவனுக்குத் தெரியும் அந்த ஓலைக்குள்ள எத்தன ஜாயின்ட் வெறும் டேப் சுத்திக் கெடக்குதுன்னு.

போற வழி: எர்ணாகுளம் போயி கொங்கன் ரயில் பிடிச்சா ஜன்னல் பக்கம் நல்லா இருக்கும், பாகா அஞ்சுனா போறவங்க மட்காவ்ல எறங்காம திவிம்ல எறங்குங்க, பாலோலெம்னா கானகோனா. விமானம்னா வடக்குக்கு மோபா, தெக்குக்கு டாபோலிம் பக்கம். அங்க ஓலா ஊபர் கிடையாது, கோவா மைல்ஸ்னு ஆப் உண்டு, ராத்திரி டாக்ஸிக்காரன் சொல்றதுதான் ரேட்டு. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தா கருப்பு பிளேட்டுல மஞ்ச எழுத்து இருக்கான்னு பாத்து எடுங்க, வெள்ள பிளேட்டு வண்டிய வாடகைக்கு ஓட்டுனா போலீஸ் பிடிப்பான். குடிக்கிற ராத்திரி மட்டும் நடந்து போற தூரத்துல ரூம் போட்டுக்கங்க. பசிச்சா ரோஸ் ஆம்லெட் தள்ளுவண்டி தேடுங்க, ஆம்லெட்டு மேல சூடா கோழிக் குழம்ப ஊத்தி பாவ் வச்சுக் கொடுப்பான், ராத்திரி ஒரு மணிக்கு அத அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது.

கடைசிக் கேள்வி, தொண்டி. ஓடாது தம்பி. பாக் விரிகுடா ஆழம் கம்மி, அலை கம்மி, கரை பாதிக்கு மேல சேறு, மணல் இருக்குற எடத்துல வள்ளமும் வலையும் கெடக்குது, அது அவங்க வேலை செய்யுற எடம். கோவாவுல ஷாக் எல்லாம் சீசனுக்கு மட்டும் கட்டி மழைக்கு முந்தி பிரிச்சிரணும், கடலோர விதிய மீறி நிரந்தரமா கட்டுனா இடிப்பாங்க, 2022ல அஞ்சுனாவுல கர்லீஸ்ங்குற கடலோர பாரோட ஒரு பகுதிய இடிச்ச மாதிரி. அங்க ஏற்கனவே அம்பது வருஷமா கூட்டம் வருது, அதனால அந்தச் செலவெல்லாம் தாங்குது. இங்க சரக்குக்கு டாஸ்மாக், அது பத்து மணிக்கு சாத்திரும், பத்து மணிக்கு சவுண்டும் சாத்திரும், மிச்சம் என்ன இருக்கு கொசுதான்.

ஆனா தொழில் பண்ணணும்னு நிஜமா ஆசை இருந்தா ஒண்ணு சொல்றேன். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகள்ல இப்ப வெளியூர்க்காரங்க வந்து கல்யாணம் வைக்கிறாங்க, சங்கீத்னு கல்யாணத்துக்கு முந்துன ஆட்டபாட்டம், டிஜே எல்லாம் உண்டு, வளவுக்குள்ள, அதான் வீட்டு நடு முத்தத்துல, பெட்டிய வச்சா நாலு செவுத்துலயும் அடிச்சு எதிரொலிச்சு பாட்டே புரியாது, மேல வானம் திறந்து கெடக்குறதால அது மூடுன ஹாலுன்னும் கணக்குல வராது, டாண்ணு பத்துக்கு நிறுத்திருவாங்க, மாப்பிள்ளை கூட்டாளிங்க மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாங்க. அங்க ஒரு நூறு ஹெட்போன் செட்டு வாடகைக்கு விட ஆளு இருந்தா எப்படி இருக்கும்னு நானே ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நூறையும் சார்ஜ் போட்டு வைக்கணும், ராத்திரி எண்ணி வாங்கணும், வேர்வைய தொடைக்கணும், உடைஞ்சதுக்கு யாரு காசு தருவான்னு முன்கூட்டியே எழுதி வாங்கணும். பாலோலெம் போறீங்கல்ல, அங்க அவங்க திருப்பி வாங்குறப்ப எப்படிக் கணக்கு வைக்கிறாங்க, டெபாசிட் வாங்குறாங்களான்னு மட்டும் கொஞ்சம் பாத்துட்டு வந்து சொல்லுங்க.